பேராக் திடல்களின் கதை – 14: பாலின் எடையும் கட்டியின் எடையும்

1932 ஜூன் 25, சனிக்கிழமை. லண்டன் லார்ட்ஸ் திடலில் இந்தியா தன் முதல் டெஸ்ட் ஆட்டத்துக்கு இறங்கிய காலை. முகமது நிசாரின் வேகத்துக்கு சட்கிளிஃப், ஹோம்ஸ் இருவரின் ஸ்டம்புகளும் சாய்ந்துவிட்டன. அடுத்து ஃபிராங்க் வூலி. அன்றைக்கு இங்கிலாந்தில் அவரைவிட அழகாக ஆடும் இடக்கை ஆட்டக்காரர் இல்லை. ஓட்டத்துக்கு ஓடியவரை, பாய்ந்து பந்தை எடுத்த ஒரு மெலிந்த சீக்கிய இளைஞர் வெளியேற்றினார். 19க்கு 3 விக்கெட். உலகமே மதித்த அணி தலைகுனிந்து நின்ற அந்தச் சில நிமிடங்களை இந்தியக் கிரிக்கெட் இன்றும் பேசுகிறது.

அந்த இளைஞர் லால் சிங். 1909 டிசம்பர் 16 அன்று கோலாலம்பூரில் பிறந்தவர். பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் நான்கும் சேர்ந்த கூட்டு மலாய் மாநில அணியின் ஆட்டக்காரர். அதனால் அவரை நம்மவர் என்று சொல்லிக்கொள்ள ஈப்போவுக்கும் உரிமை உண்டு.

இப்போது அவருடைய டெஸ்ட் கணக்கைப் பாருங்கள். ஆட்டம் 1, இன்னிங்ஸ் 2, ஓட்டம் 15, 29. மொத்தம் 44, சராசரி 22. அவ்வளவுதான். வூலியை வீழ்த்திய அந்த எறி இந்தக் கணக்கில் எங்கே இருக்கிறது? எங்கும் இல்லை. ரன் அவுட் பந்து வீசியவர் கணக்கில் சேராது. அன்றைய ஸ்கோர் அட்டைகளின் வழக்கப்படி, எறிந்தவர் பெயரும் அச்சாகாது.

சென்ற பகுதிகளில் திடல்களையும் ஆட்டக்காரர்களையும் பற்றிப் பேசினோம். இந்தப் பகுதி முழுவதும் அவர்கள் விட்டுச்சென்ற எண்களுக்கு. மலாயாவின் பழைய ஆட்டங்களைப் பற்றி நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் பத்திரிகையில் வந்த ஸ்கோர் மட்டுமே. அதைப் படிக்கத் தெரியாவிட்டால் அந்த மனிதர்களையும் தவறாகத்தான் படிப்போம்.

ஈப்போ பாடாங்கில் வெள்ளை உடையோடு இறங்கியவர்கள் ஆங்கிலேய அதிகாரிகள், சுரங்கத் துரைமார், பிறகு ஆங்கிலப் பள்ளியில் படித்த பிள்ளைகள், ரயில்வேயிலும் அரசாங்க அலுவலகங்களிலும் கணக்கெழுதிய யாழ்ப்பாணத் தமிழர்கள், சீக்கியர்கள், யுரேசியர்கள். தோட்டத்துத் தமிழனுக்கு பந்து என்றால் கால்பந்துதான். ஒரே ஒரு பந்தும், பால்மரங்களுக்கு நடுவே ஒரு வெட்டவெளியும் போதும். கிரிக்கெட்டுக்கு மட்டை, காப்பு, சமமான தரை, ஒரு முழு நாள் ஓய்வு, எல்லாம் வேண்டும். விடியுமுன் பேர் கூப்பிடும் பெரட்டுக்கு நிற்கிறவனுக்கு அந்த நாள் எங்கிருந்து வரும்? ஆனால் இந்த ஆட்டத்தின் கணக்கைப் புரிந்துகொள்ள வேண்டிய அறிவு தோட்டத்தில் இருந்தது. பாடாங்கைவிடத் தெளிவாகவே இருந்தது என்று நான் நம்புகிறேன்.

நான் பிறந்தது சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டம் ஒன்றில். அப்பா பால் வெட்டினார். முற்பகலில் மங்குகளிலிருந்து பாலைச் சேர்த்து, காண்டா வாளியில் சுமந்து ஸ்டோருக்கு வருவார். கிராணி முதலில் வாளியை நிறுப்பார். அதோடு முடியாது. பாலில் கொஞ்சம் எடுத்து, ஒரு கண்ணாடிக் குழாயை மிதக்கவிட்டு, எவ்வளவு தண்ணீர், எவ்வளவு ரப்பர் என்று பார்ப்பார். அப்பா வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் சொல்லும் முதல் செய்தி அதுதான்: “நாப்பது ராத்தல் பால். கட்டி பத்துகூடத் தேறாது.” முந்தின நாள் மழை பெய்திருந்தால் பால் நீர்த்துப்போகும். வாளி அதே கனம்தான், கட்டி குறைந்துவிடும். அதிலும் ஒரே கட்டியை எடுத்த இருவரை ஒன்றாக வைத்துப் பேசமாட்டார்கள். ஒருவருடைய நிரை சமவெளியில் இளமரம், இன்னொருவருடையது மேட்டில் பட்டை தேய்ந்த கிழமரம். இது லயத்தில் இருந்த எல்லோருக்கும் தெரியும்.

கிரிக்கெட்டின் சராசரி என்பது வாளியின் எடை. அதற்குள் கட்டி எவ்வளவு என்பது அடுத்த கேள்வி. எந்த நிரையில் வெட்டியது என்பது அதற்கும் அடுத்த கேள்வி.

மட்டையாளரின் சராசரியிலிருந்தே தொடங்குவோம். எடுத்த ஓட்டங்களை, ஆட்டமிழந்த தடவைகளால் வகுக்க வேண்டும். ஆடிய இன்னிங்ஸால் அல்ல. இங்கேதான் பலர் இடறுகிறார்கள். பழங்காலத்தில் இங்கிலாந்தில் இந்த வகுத்தலைத் தசமம் இல்லாமல், ஈவும் மீதியுமாக எழுதிவைத்தார்கள். 7 தடவைக்கு 100 ஓட்டம் என்றால் ‘14, மீதி 2’. கடைக் கணக்கு மாதிரி இருக்கிறது அல்லவா? எனக்கு அந்த எழுத்துமுறை பிடிக்கும். வகுத்தல் நடந்திருக்கிறது என்பதை அது மறைக்கவில்லை. ‘14.28’ என்று பார்த்ததும் அது ஏதோ பிறவிக் குணம் போலத் தோன்றிவிடுகிறது.

வகுத்தலின் அடியில் நிற்கும் எண் எவ்வளவு முக்கியம் என்பதற்கு பில் ஜான்ஸ்டனைவிட நல்ல சான்று இல்லை. ஆஸ்திரேலியாவின் இடக்கை வேகப்பந்து வீச்சாளர். கடைசி ஆளாக மட்டை பிடிப்பவர். 1953 இங்கிலாந்துச் சுற்றுப்பயணத்தில் 17 இன்னிங்ஸில் 102 ஓட்டம் எடுத்தார். 16 தடவை ஆட்டமிழக்காமல் நின்றார். ஆகவே சராசரி 102. அந்தச் சுற்றுப்பயணத்தின் பட்டியலில் முதலிடம்! கணக்கில் ஒரு பிழையும் இல்லை. இன்னிங்ஸுக்கு அவர் எடுத்தது 6 ஓட்டம் என்பதும் உண்மைதான்.

அப்படியானால் ஆட்டமிழக்காத இன்னிங்ஸை ஒதுக்கிவிடலாமா? கூடாது. 1999 உலகக் கோப்பையில் தென்னாப்பிரிக்காவின் லான்ஸ் குளூஸ்னர் 281 ஓட்டம் எடுத்து இரண்டே தடவை ஆட்டமிழந்தார். சராசரி 140.50. இவரும் பின்வரிசையில் இறங்கியவர்தான். ஆனால் ஒவ்வொரு 100 பந்துக்கும் 122 ஓட்டம் அடித்தார், அதுவும் ஆட்டம் கையைவிட்டுப் போகும் நேரத்தில். ஜான்ஸ்டனின் வாளியில் தண்ணீர். குளூஸ்னரின் வாளியில் கட்டி. சராசரி மட்டும் பார்த்தால் இரண்டுக்கும் வேறுபாடு தெரியாது. எத்தனை பந்தில் எடுத்தார் என்ற இரண்டாவது எண்ணைப் பக்கத்தில் வைத்தால்தான் தெரியும்.

இந்த வகுத்தலுக்குள் மிகப் பெரிய மனிதர் ஆஸ்திரேலியாவின் பிராட்மன். 52 டெஸ்ட், 80 இன்னிங்ஸ், ஆட்டமிழக்காதது 10, ஓட்டம் 6,996. 70 ஆல் வகுத்தால் 99.94. கடைசி இன்னிங்ஸில் 4 ஓட்டம் எடுத்திருந்தால் 100. 1948 ஆகஸ்ட் 14, ஓவல் திடலில் எரிக் ஹாலிஸ் பந்தில் ஓட்டமின்றி வெளியேறினார்.

1948 என்று எழுதும்போது பேராக்காரன் கை கொஞ்சம் நிற்கும். அந்தத் தொடரின் முதல் டெஸ்ட் நாட்டிங்காமில் ஜூன் 15 அன்று முடிந்தது. பிராட்மன் 138. மறுநாள், ஜூன் 16 காலை, சுங்கை சிப்புட் வட்டாரத்தில் எல்ஃபில் தோட்டத்துத் துரை ஆர்தர் வாக்கரும், இன்னொரு தோட்டத்தில் ஜான் அலிசன், இயன் கிறிஸ்டியன் இருவரும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவசரகாலம் பிறந்தது. தோட்டத்து லயங்களைச் சுற்றி முள்கம்பி வந்தது. பிராட்மனின் கடைசித் தொடரின் மற்ற நான்கு டெஸ்டுகளும் நடந்த வாரங்களில், எங்கள் பெற்றோர் இருட்டியபின் வாசலைத் தாண்டப் பயந்து வாழ்ந்தார்கள். உலகக் கிரிக்கெட்டின் மிகப் பெரிய எண்ணை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இந்த நாட்களும் சேர்ந்தே நினைவுக்கு வருகின்றன.

வேகத்துக்கு வருவோம். ஸ்டிரைக் ரேட் என்பது 100 பந்துக்கு எத்தனை ஓட்டம் என்ற கணக்கு. 1975 ஜூன் 7, முதல் உலகக் கோப்பையின் முதல் நாள். லார்ட்ஸில் இங்கிலாந்து 60 ஓவரில் 334. பதிலுக்கு இந்தியாவின் கவாஸ்கர் முழு 60 ஓவரும் நின்று, 174 பந்தில் 36 ஓட்டம் எடுத்து ஆட்டமிழக்காமல் திரும்பினார். ஸ்டிரைக் ரேட் 21கூட இல்லை. அந்த 36 அவருடைய ஒருநாள் சராசரியைக் கெடுக்கவில்லை. ஆட்டமிழக்காததால் உயர்த்தவே செய்தது! அணி 132க்கு 3 என்று தோற்றது. எட்டு ஆண்டு கழித்து, 1983 இறுதி ஆட்டம், அதே திடல். சென்னையின் ஸ்ரீகாந்த் 57 பந்தில் 38. இந்தியாவின் 183இல் அதுதான் ஒருவர் எடுத்த அதிகபட்சம். மேற்கிந்தியத் தீவுகள் 140க்குச் சுருண்டது. 36, 38. இரண்டு ஓட்டம்தான் இடைவெளி. ஈப்போவில் அதிகாலை வானொலியில் முடிவைக் கேட்டு எழுந்து குதித்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள், அந்த 38 எவ்வளவு கனம் என்று சொல்வார்கள்.

பந்து வீச்சில் மூன்று கணக்கு. ஒரு விக்கெட்டுக்குக் கொடுத்த ஓட்டம், சராசரி. ஓர் ஓவருக்குக் கொடுத்த ஓட்டம், எக்கனாமி. ஒரு விக்கெட்டுக்கு எடுத்துக்கொண்ட பந்து, ஸ்டிரைக் ரேட். மட்டையாளருக்கு ஸ்டிரைக் ரேட் கூடினால் நல்லது, பந்து வீச்சாளருக்குக் குறைந்தால் நல்லது. இந்த மூன்றும் ஒரே பாயில் பின்னியவை. ஸ்டிரைக் ரேட்டை எக்கனாமியால் பெருக்கி 6 ஆல் வகுத்தால் சராசரி வந்துவிடும். ஆகவே ஒரே சராசரிக்கு இரண்டு வழியில் வரலாம். ஓட்டம் கொடுக்காமல் பிடித்து இறுக்கலாம். அல்லது ஓட்டம் போனாலும் போகட்டும் என்று அடிக்கடி விக்கெட் எடுக்கலாம்.

முதல் வழியின் எல்லைக்கல் சென்னையில் நடப்பட்டது. 1964 ஜனவரி 12, மதராஸ் கார்ப்பரேஷன் ஸ்டேடியம். இங்கிலாந்துக்கு எதிராக பாபு நட்கர்னி 32 ஓவர் வீசினார். 27 மெய்டன், அதாவது ஓட்டமே கொடுக்காத ஓவர். கொடுத்தது 5 ஓட்டம். அதில் 21 மெய்டன்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தவை, இடையில் 131 பந்துக்கு ஓட்டமே இல்லை. விக்கெட்? ஒன்றும் இல்லை. மறுமுனையில் வீசியவருக்கு அந்த இறுக்கத்தால் என்ன கிடைத்தது என்பதை எக்கனாமி சொல்லாது. நட்கர்னியின் மொத்தக் கணக்கு 41 டெஸ்டில் 88 விக்கெட், எக்கனாமி 1.67. ஆனால் ஒரு விக்கெட்டுக்கு 104 பந்து.

மூன்றையும் ஒருசேர வைத்திருந்தவர் முரளிதரன். இவரைப் பற்றிச் சற்று விரிவாகவே பேச வேண்டும். 1920இல் தமிழ்நாட்டிலிருந்து தேயிலைத் தோட்ட வேலைக்கு இலங்கை மலைநாடு போனவரின் பேரன். நம் பாட்டன்மார் நாகப்பட்டினத்தில் கப்பலேறி பினாங்கில் இறங்கிய அதே காலம், அதே பசி, அதே கங்காணி முறை. அவர்கள் தேயிலைக்குப் போனார்கள், நாம் ரப்பருக்கு வந்தோம். கண்டியில் பிஸ்கட் தொழில் செய்த குடும்பத்துப் பிள்ளை 2010 ஜூலை 22 அன்று காலியில் பிரக்யான் ஓஜாவின் விக்கெட்டை எடுத்து 800இல் நிறுத்தினார்.

133 டெஸ்ட். 44,039 பந்து. 18,180 ஓட்டம். 800 விக்கெட். நீங்களே ஒரு தாளில் வகுத்துப் பாருங்கள். சராசரி 22.72, ஸ்டிரைக் ரேட் 55, எக்கனாமி 2.47. ஆஸ்திரேலியாவின் ஷேன் வார்ன் 708 விக்கெட், சராசரி 25.41, ஸ்டிரைக் ரேட் 57.4. மூன்று கணக்கிலும் முரளி முன்னால்.

இனி கண்ணாடிக் குழாயை மிதக்கவிடுவோம். முரளி நம் ஆள் என்பதற்காக இதைத் தவிர்க்கக் கூடாது. 800இல் 176 விக்கெட் வங்காளதேசம், ஜிம்பாப்வே இரண்டுக்கும் எதிராக வந்தவை. சொந்த நாட்டில் 493, சராசரி 19.56. இந்தியாவில் 40, சராசரி 45.45. ஆஸ்திரேலியாவில் 12 விக்கெட்டுதான், சராசரி 75.41. வார்னின் ஆதரவாளர்கள் இங்கேயே நின்றுவிடுவார்கள். நான் நிற்கமாட்டேன். அந்த இரண்டு அணிகளையும் கழித்தால்கூட மிஞ்சுவது 624. வார்னுக்கு எதிர்முனையில் மெக்ராத் இருந்தார். முரளிக்கு சமிந்த வாஸ் தவிர நீண்டநாள் துணை குறைவு. அதனால்தான் 44,039 பந்து. பாதி அணியின் சுமையை ஒரே தோள் காண்டாவில் தூக்கிய கணக்கு அது. ஆஸ்திரேலியாவில் அவர் தோற்றார் என்பது உண்மை. இலங்கைக்கு அவர் எவ்வளவு தேவைப்பட்டார் என்பதும் உண்மை. இரண்டையும் எழுதிவைக்க வேண்டும்.

எதிரணியின் தரத்தையும் சேர்த்து மதிப்பிட ஒருவழியாக 1987இல் ஒரு முறை வந்தது. டெட் டெக்ஸ்டர் முன்னின்று தொடங்கிய அந்தத் தரவரிசைதான் இன்று ஐசிசி பட்டியலாக நிற்கிறது. 1,000 வரையான புள்ளிகள். யாருக்கு எதிராக, எப்படிப்பட்ட ஆட்டத்தில் என்பதற்கெல்லாம் எடை உண்டு. பிராட்மன் எட்டிய உச்சம் 961.

நம் நாட்டுக்கே திரும்புவோம். 2023 ஜூலை 26, பாயுமாஸ் ஓவல். மலேசியாவின் சியாஸ்ருல் இட்ரஸ் சீனாவுக்கு எதிராக 4 ஓவரில் 8 ஓட்டம் கொடுத்து 7 விக்கெட் எடுத்தார். ஏழும் ஸ்டம்பைச் சாய்த்தவை. ஆண்கள் டி20 பன்னாட்டு ஆட்டத்தில் அதுவரை யாரும் 7 எடுத்ததில்லை. சீனா 23க்கு ஆட்டமிழந்தது. சராசரி 1.14, ஸ்டிரைக் ரேட் 3.4. சீனாதானே என்று சிலர் உதட்டைப் பிதுக்கினார்கள். அவர்களுக்கு இங்கிலாந்தின் ஜார்ஜ் லோமனைக் காட்டுவேன். டெஸ்டில் 100 விக்கெட்டைத் தாண்டியவர்களில் மிகக் குறைந்த சராசரி அவருடையது, 10.75. அந்தக் கணக்குக்குள் என்ன இருக்கிறது? 1896இல், அப்போதுதான் தவழ்ந்துகொண்டிருந்த தென்னாப்பிரிக்காவில், 3 டெஸ்டில் 35 விக்கெட், சராசரி 5.80. போர்ட் எலிசபெத்தில் 7 ஓட்டத்துக்கு 8 விக்கெட், தென்னாப்பிரிக்கா மொத்தம் 30. லோமனின் எண்ணை நூறாண்டுக்கும் மேலாக மரியாதையோடு அச்சடிக்கிறார்கள். சியாஸ்ருலின் எண்ணுக்கும் அதே மரியாதை கொடுங்கள், அதே கேள்விகளையும் கேளுங்கள். 2019 ஜனவரியில் எல்லா உறுப்பு நாடுகளின் டி20 ஆட்டத்துக்கும் ஐசிசி பன்னாட்டுத் தகுதி கொடுத்ததால்தான் அவருடைய பெயர் உலகக் கணக்கில் ஏறியது. அதற்கு முன் மலாயாவிலும் மலேசியாவிலும் ஓடிய ஓட்டங்கள் எத்தனையோ, அவை எந்த உலகப் பட்டியலிலும் இல்லை.

மழையை விட்டுவிட்டு பேராக்கில் எதையும் எழுத முடியாது. தைப்பிங்கில் ஆண்டுக்கு ஏறத்தாழ 4,000 மில்லிமீட்டர். மழை எண்ணை எப்படிக் குலைக்கும், அதை எப்படி நேர்செய்வது என்பதற்கான பெரிய பரீட்சை ஒன்று நம் மண்ணிலேயே நடந்தது. 1997 ஏப்ரல், கோலாலம்பூர் கிலாட் கிளப், ஐசிசி கோப்பை இறுதி ஆட்டம். கென்யா 50 ஓவரில் 241. டிக்கோலோ 147. மழையால் ஆட்டம் மறுநாளுக்குப் போய், வங்காளதேசத்துக்கு 25 ஓவர்தான் கிடைத்தது. பாதி ஓவருக்குப் பாதி ஓட்டம் என்றால் 121 போதும். ஆனால் 10 விக்கெட்டும் கையிருப்பில் இருக்கும்போது 25 ஓவரில் துணிந்து அடிக்கலாமே! கையிலிருக்கும் ஓவர், கையிலிருக்கும் விக்கெட் இரண்டையும் சேர்த்து ஒரே முதலாகக் கருதும் டக்வொர்த், லூயிஸ் கணக்குப்படி இலக்கு 166. அந்த ஆண்டு ஜனவரியில்தான் அந்த முறை முதன்முதலாகப் பயன்பட்டிருந்தது. வங்காளதேசம் கடைசிப் பந்தில் எட்டியது. 8 விக்கெட் போயிருந்தது. அதைவிட நியாயமான இலக்கை யாரும் போட்டிருக்க முடியாது என்பது என் எண்ணம்.

இப்போது லால் சிங்கின் 22ஐ மறுபடி எடுங்கள். அந்த லார்ட்ஸ் ஆட்டத்தில் இந்தியா 189, 187. இருபது விக்கெட்டுக்கு 376. உதிரி ஓட்டங்களையும் சேர்த்தே விக்கெட்டுக்கு 18.8. 22 என்பது அந்த அணியின் அளவுக்கு மேல். அவருடைய 29 எப்போது வந்தது? ஆட்டம் கைநழுவிப்போன இரண்டாம் இன்னிங்ஸில், அமர் சிங்கோடு சேர்ந்து 40 நிமிடத்தில் 74 சேர்த்தபோது. இந்தியா 158 ஓட்டத்தில் தோற்றது, ஆனால் அந்த 40 நிமிடம் இங்கிலாந்து பின்னால் ஓடியது. இத்தனையும் சேர்த்தால் 44 என்ற வாளியில் கட்டி கொஞ்சம் தெரிகிறது. வூலியை வீழ்த்திய எறிக்கு மட்டும் இன்றும் ஓர் எண் இல்லை.

கூட்டு மலாய் மாநில ஆட்டங்களிலும், பேராக்கின் பள்ளி, கிளப் ஆட்டங்களிலும் இப்படி எத்தனை பேர் எழுதாமல் போனார்கள்? ஈப்போவிலும் தைப்பிங்கிலும் கோலகங்சாரிலும் சில வீட்டு டிரங்குப் பெட்டிகளில் பழைய ஸ்கோர் புத்தகங்கள், பள்ளி ஆண்டு மலர்கள் இன்னும் இருக்கலாம். கரையான் அரிக்குமுன் திறந்து பாருங்கள். பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் எழுதிய குறிப்பு ஏதாவது இருந்தால், ‘ஈரத் தரை’, ‘கேட்ச் நழுவியது’, ‘ரன் அவுட்’ என்பதற்குப் பக்கத்தில் ஒரு பெயர், அதை முதலில் படியெடுத்து அனுப்புங்கள். அடுத்த பகுதியை அந்தக் குறிப்புகளிலிருந்து தொடங்க விரும்புகிறேன்.